டைட்டானிக் டாக்குமெண்டரியில் வரும் பழைய துண்டுப்படங்கள் எங்கிருந்து வந்தவை?

பின்குரல் வசந்தி எழுதியது:

மதுரையிலிருந்து எழுதுகிறேன். வெளிநாட்டு டாக்குமெண்டரிகளுக்குத் தமிழில் பின்னணிக் குரல் எழுதுவது என் தொழில். அங்கே ஒருத்தர் நாலு வினாடி பேசினால் நானும் நாலு வினாடிக்குள் தமிழில் சொல்லி முடித்தாக வேண்டும். சிறுத்தை, பிரமிடு, எரிமலை, ஹிட்லர் என்று ஒன்பது வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது கையில் இருப்பது டைட்டானிக் பற்றி 52 நிமிடப் படம்.

பாதிக்குமேல் எழுதியபிறகுதான் வினை வந்தது. ஏழாவது படிக்கும் என் பையன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா, அந்தப் போட்டு மேல என்னமோ நெளியுது பாரு" என்றான். திரும்ப ஓட்டிப் பார்த்தேன். நெளியத்தான் செய்தது. அதற்கப்புறம் எந்தத் துண்டைப் பார்த்தாலும் சந்தேகமாகவே இருக்கிறது. எனக்கு உறுத்துபவற்றை மட்டும் எழுதுகிறேன், முன்னால் இருப்பது படத்தில் அது வரும் நிமிடமும் வினாடியும்.

6:12. நாலு புகைபோக்கி வைப்பதற்கு முந்தைய வெறும் கப்பல் உடல், சரிந்து தண்ணீரில் இறங்குகிறது. குரல் சொல்வது: 1911 மே 31, டைட்டானிக். ஆனால் இந்தக் கப்பல் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. நான் பார்த்த புகைப்படங்களில் எல்லாம் டைட்டானிக் கறுப்பு.

14:40. வெள்ளைத் தாடி வைத்த கேப்டன் தளத்தில் நிற்கிறார். அப்புறம் பெரிய கப்பலை ஒட்டிச் சின்னப் படகுகள். குரல்: டைட்டானிக் கிளம்பிய சவுத்தாம்ப்டன், 1912 ஏப்ரல் 10. பையன் சொன்ன நெளிசல் இங்கேதான். படகில் பெயர் எழுதியிருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஏதோ கொதிக்கிறது. மற்ற இடமெல்லாம் சுத்தம்.

15:05. துறையில் கட்டிய கப்பல், சில வினாடிகள்தான். குரல்: பெல்ஃபாஸ்ட். உடனே 15:12இல் நாலு புகைபோக்கிக் கப்பல் ஒன்று தூரத்தில் போகிறது. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் புகைபோக்கியின் நிறமே வேறு மாதிரி.

31:20. நல்ல வெயிலில் அமைதியான கடலில் கப்பல் போகிறது. வெட்டினால் எஞ்சின் அறை, இரும்பு நடைபாதையில் தண்ணீர் பீறிட்டு வருகிறது. கறுப்பு வெள்ளை, மேலெல்லாம் கோடு. குரல் ஒன்றும் சொல்லவில்லை, இசை மட்டும். எனக்கு ஒரே கேள்விதான்: அந்தத் தண்ணீருக்குள் கேமராவோடு நின்றது யார்?

44:10. கார்பேத்தியா கப்பல், கரையில் ஜனம். குரல்: ஏப்ரல் 18 இரவு, பிழைத்தவர்கள் நியூயார்க்கில் இறங்குகிறார்கள். இரவாம். ஆனால் தொப்பிகளின் நிழல் தரையில் விழுகிறது.

ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு ஃபிரேமை எடுத்துப் படத்தை வைத்துத் தேடும் தேடலில் போட்டுப் பார்த்தேன். வந்த பக்கமெல்லாம் 'டைட்டானிக்' என்றே சொல்கிறது, எல்லாரும் ஒரே பாத்திரத்தில் சாப்பிட்டவர்கள் போல. படத்தின் கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் ஏழு ஆவணக் காப்பகங்கள் இருக்கின்றன, எது எதைக் கொடுத்தது என்று இல்லை. எனக்கு வேலை கொடுத்தவரிடம் கேட்டேன். "மேடம், இருக்கிறதை இருக்கிற மாதிரி தமிழ்ல போடுங்க, ஆராய்ச்சி வேண்டாம்" என்றார். அவர் சொல்வதும் சரி. ஆனால் தமிழில் "இதோ டைட்டானிக்" என்று சொல்லப்போவது என் வரி. திருமங்கலத்தில் என் சித்தப்பா ஒருவர் இருக்கிறார், ஒளிபரப்பான அன்றே போன் போட்டுவிடுவார்.

இவற்றின் மூலத்தைக் கண்டுபிடிக்க என்ன வழி?

சும்மா எட்டிப்பார்த்தவன்:

பழைய படம் என்றால் பழைய படம்தாங்க. இதையெல்லாம் யார் கவனிக்கப்போகிறார்கள்? உங்கள் பையனையும் சித்தப்பாவையும் தவிர.

சரி, உருப்படியாக ஒன்று சொல்கிறேன். முழு ஃபிரேமைப் போட்டுத் தேடினால் கப்பல் என்று பார்த்து டைட்டானிக்கைத்தான் கொட்டும். கேப்டனை மட்டும், இல்லை படகை மட்டும் வெட்டிப் போட்டுப் பாருங்கள்.

தூத்துக்குடி மாடல்காரன்:

அக்கா, எட்டிப்பார்த்தவர் பேச்சைக் கேட்காதீர்கள், கவனிக்கிறவர்கள் இருக்கிறோம். நான் துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். ராத்திரியில் பிளாஸ்டிக் கப்பல் ஒட்டுவேன். டைட்டானிக் மட்டும் இரண்டு தடவை ஒட்டியாயிற்று, 350இல் ஒரு பங்கு அளவில். அதன் ஜன்னல்கள் எனக்குச் சொப்பனத்தில்கூட வரும்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். டைட்டானிக்குக்கு அச்சு அசலாக ஒரு அக்கா உண்டு, பெயர் ஒலிம்பிக். அதே பெல்ஃபாஸ்டில், அதே ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் பட்டறையில், பக்கத்துப் பக்கத்து மேடையில் கட்டியது. மூத்தது என்பதால் கேமராக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் மொய்த்தார்கள். தங்கச்சி பிறக்கும்போது ஊருக்கு அலுத்துப்போயிருந்தது. 1912 ஏப்ரல் 15 விடிந்ததும் நியூஸ்ரீல்காரர்களுக்கு, அதாவது தியேட்டருக்குச் செய்திப்படம் எடுப்பவர்களுக்கு, டைட்டானிக் படம் வேண்டும், கையில் இருப்பதோ ஒலிம்பிக். அப்புறம் என்ன, அக்காவுக்குத் தங்கச்சி புடவையைக் கட்டிவிட்டார்கள்.

உங்கள் 6:12 ஒலிம்பிக். சந்தேகமே வேண்டாம். 1910 அக்டோபர் 20 அன்று நீரில் இறக்கும்போது, படத்தில் எடுப்பாகத் தெரியட்டும் என்று அதற்கு வெளிர்நிறம் பூசினார்கள். டைட்டானிக் கறுப்பு உடம்போடுதான் இறங்கியது.

14:40இல் நிற்கிற தாடிக்காரர் உண்மையிலேயே கேப்டன் ஸ்மித்தான். ஆள் சரி, கப்பல் தப்பு. டைட்டானிக்குக்கு முன்னால் அவர் ஒலிம்பிக்கின் கேப்டன். 1911இல் ஒலிம்பிக் நியூயார்க் போனபோது எடுத்தது அது. படகு என்று எழுதியிருக்கிறீர்களே, அவை டக்குகள். கப்பலை இழுத்தும் தள்ளியும் கரையில் அணைக்கிற குட்டிப் படகுகள். இங்கே தினம் பார்க்கிறேன், ஒரு துறைமுகத்து டக் அந்தத் துறைமுகத்திலேயே கிடக்கும், பெயரும் ஊரும் எழுதியிருக்கும். அவை நியூயார்க் டக்குகள். டைட்டானிக் நியூயார்க்கைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. பெயர் தெரிந்தால் குட்டு உடைந்துவிடும் என்று அந்தக் காலத்திலேயே பெயர்களைச் சுரண்டிவிட்டார்கள். உங்கள் பையனுக்கு என் சார்பில் ஒரு சர்பத்.

15:05, அதில் கப்பலின் பக்கவாட்டு தெளிவாகத் தெரிகிறதா? மேலிருந்து மூன்றாவது வரிசை ஜன்னல்களைப் பாருங்கள், பி தளம் என்பது அதுதான். ஜன்னல்கள் சீராக, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசை போல இருந்தால் ஒலிம்பிக். இரண்டு நெருக்கமாக, ஒன்று தள்ளி என்று இஷ்டத்துக்கு இருந்தால் டைட்டானிக். டைட்டானிக்கில் அங்கே அறைகளை ஓரம்வரை நீட்டிக் கட்டியதால் வந்த வித்தியாசம். பெல்ஃபாஸ்டில் 1912 தொடக்கத்தில் எடுத்த அசல் டைட்டானிக் துண்டு ஒன்று உண்டு, ரொம்பச் சின்னது. உங்களிடம் இருப்பது அதுவாக இருக்கலாம். படம் அனுப்புங்கள்.

இன்னொரு குறிப்பு. தளத்தின் ஓரம் முழுக்க உயிர்காப்புப் படகுகளை நெருக்கி அடுக்கியிருந்தால் அது விபத்துக்கு அப்புறம் திருந்திய ஒலிம்பிக். டைட்டானிக்கில் மொத்தமே 20 படகுகள்தான், நடுவில் நீளமாகக் காலி இடம் இருக்கும். ஒலிம்பிக் 1935 வரை ஓடிய கப்பல், அதற்கு எவ்வளவோ படம் இருக்கிறது. அதிலிருந்தும் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவார்கள்.

கட்டிங் டேபிள்:

அம்மா, நான் கோடம்பாக்கத்தில் 1979இலிருந்து முப்பது வருடம் நெகட்டிவ் வெட்டியவன். கப்பலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, மெரினாவில் கால் நனைத்ததோடு சரி. ஆனால் 'பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் கொதிக்கிறது' என்று எழுதினீர்களே, படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பாவத்தை நானும் செய்திருக்கிறேன்.

1984 என்று நினைவு. படத்தின் பெயர் வேண்டாம். மலைப்பாதையில் பஸ் ஒன்று திரும்புகிற ஷாட் வேண்டும். போய் எடுக்கக் காசில்லை, எங்கிருந்தோ ஒரு ஸ்டாக் ஷாட், வேறு யாரோ முன்பே எடுத்துவைத்தது, வந்தது. பஸ்ஸில் வெளிமாநில நம்பரும் ஊர்ப் போர்டும் பளிச்சென்று இருந்தது. லேப்பில் ஆப்டிகல் என்ற தந்திர அச்சில் மறைக்கலாம், அதற்கும் காசு. என் குருநாதர் ஒரு குண்டூசியைக் கையில் கொடுத்து, "சுரண்டுடா" என்றார். மூன்று வினாடி ஷாட், 72 ஃபிரேம். ஒரு ஃபிரேமே இரண்டு விரல் அகலம். அதில் பஸ், பஸ்ஸில் போர்டு, கடுகைவிடச் சின்னது. பூதக்கண்ணாடியை ஒரு கண்ணில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். ஒரே இடத்தில் ஒரே மாதிரி சுரண்டுகிறோம் என்றுதான் நமக்குத் தோன்றும். கை அப்படி நிற்காது. ஒன்றில் முடியளவு மேலே, அடுத்ததில் கீழே. திரையில் ஓட்டினால் போர்டில் எறும்பு மொய்த்தது. ஊர் பெயர் மறைந்தது உண்மை. ஆனால் தியேட்டரில் அத்தனை கண்ணும் அங்கேதான் போனது. அந்தச் சம்பளம் இன்னும் பாக்கி, அது வேறு கதை.

அதனால் உங்களிடம் ஒரு கேள்வி. நெளிகிறது வெள்ளையாகவா, கறுப்பாகவா? திரையில் ஓட்டும் பிரதியான பிரிண்டில் சுரண்டினால் ஃபிலிம் மேல் பூசிய மருந்து போய் வெளிச்சம் நேரே வரும், வெள்ளையாகத் தெரியும். நெகட்டிவில் சுரண்டினால் அதிலிருந்து போடும் பிரிண்டில் கறுப்பாக விழும். நெகட்டிவில் கை வைத்திருந்தால் படத்தின் சொந்தக்காரரே செய்த வேலையாக இருக்கலாம். பிரிண்ட் என்றால் யாரோ கைமாறி வாங்கியவர் செய்திருக்கலாம். மூலத்தைத் தேடும்போது இது உதவும்.

மற்றதற்கு, கப்பலைப் பார்க்காதீர்கள், சுருளைப் பாருங்கள்.

உங்கள் ஃபைலை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்த முடியும் அல்லவா? அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள், வினாடிக்குப் பதினாறு ஃபிரேம் சுமார். பேசும்படம் வந்தபிறகு 24. பதினாறை 24இல் ஓட்டினால் ஆட்கள் எல்லாம் கோழி மாதிரி குடுகுடுவென்று நடப்பார்கள். அதைச் சரிசெய்ய லேப்பில் ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேமை இரண்டு தடவை அடிப்போம். 1, 2, 2, 3, 4, 4 என்று போகும். உங்கள் துண்டில் அப்படி நொண்டினால், அது நேரே 1912 சுருளிலிருந்து வராமல் இருக்கலாம். நடுவில் பேசும்படக் காலத்தில் வேறொரு டாக்குமெண்டரிக்காக டூப், அதாவது நகல், எடுத்திருக்கலாம், இவர்கள் அதிலிருந்து எடுத்திருக்கலாம். அதேபோல இடது ஓரம். மௌனப் படத்தில் ஃபிலிமின் இரண்டு ஓரத்துத் துளைகளுக்கு நடுவே முழு அகலமும் படம்தான். சவுண்ட் டிராக் வந்ததும் இடதுபக்கம் ஒரு கீற்றை அது தின்றுவிட்டது. கேப்டனின் தோளோ டக்கின் மூக்கோ இடதுபக்கம் வெட்டுப்பட்டிருந்தால் அதுவும் சாட்சி.

15:12இல் புகைபோக்கி நிறம் மாறுகிறது என்றீர்கள். அப்போதைய ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. லேப்பில் பிரிண்ட் போடும் வெற்று ஃபிலிமை நாங்கள் சிவப்பு விளக்கில் வைத்துக்கொண்டு வேலை செய்வோம், அதற்கு அந்த வெளிச்சம் இருட்டுதான். அதே கதை. சிவப்பு வண்ணம் படத்தில் கறுப்பாகவே விழும். கப்பல்காரத் தம்பி, இது உமக்குப் பயன்படுமா?

31:20க்கு ஒரே வழி, வெளிச்சத்தைப் பாருங்கள். ஆள் தலைமுடி ஓரம் வெள்ளிக்கோடு மாதிரி மின்னுகிறதா? அது பேக் லைட். மூழ்குகிற கப்பலில் மின்சாரம் போகப்போகிற நேரத்தில் ஆள் பின்னால் பேக் லைட் வைத்தது யார்? படத்தின் மேல் விழுந்த கோடுகளை நம்பாதீர்கள். தேய்ந்த பிரிண்டில் விழும் கோட்டை எங்கள் பக்கம் மழை என்போம். இப்போது மழையும் கம்ப்யூட்டரில் கிடைக்கிறது. எந்தப் படத்தின் மேலும் பெய்ய வைக்கலாம்.

தூத்துக்குடி மாடல்காரன்:

ஐயா, பயன்படுமாவா! இத்தனை வருடம் ஒட்டுகிறேன், இதை யாரும் சொன்னதில்லை. டைட்டானிக் கம்பெனியான ஒயிட் ஸ்டாரின் புகைபோக்கி மங்கிய மஞ்சள் பழுப்பு, உச்சியில் மட்டும் கறுப்பு. கறுப்பு வெள்ளையில் அடி வெளிறியும் உச்சி கறுத்தும் இரண்டாகப் பிரிந்து தெரியும். போட்டிக் கம்பெனியான கியூனார்டு சிவப்பு அடிக்கும். நீங்கள் சொல்கிறபடி பார்த்தால் அது அடியிலிருந்து உச்சிவரை ஒரே கறுப்பாகத்தான் விழ வேண்டும். அக்கா, 15:12இல் புகைபோக்கி முழுக்கக் கறுப்பா? அப்படியானால் அது லூசிடானியா, மாரிடானியா மாதிரி ஒரு கியூனார்டு கப்பலாக இருக்கலாம். புகைபோக்கிகள் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து நின்றால் ஜெர்மன் கப்பல். சம இடைவெளி என்றால் பெரும்பாலும் நான் சொன்ன கியூனார்டு கப்பல்தான்.

31:20 எனக்குத் தெரியும், ஆனால் அது ஒரு பெரிய சுற்று. 1958இல் டைட்டானிக்கை வைத்து இங்கிலாந்தில் 'எ நைட் டு ரிமெம்பர்' என்று ஒரு படம் எடுத்தார்கள். நிறைய டாக்குமெண்டரிகள் அதிலிருந்து உருவும். ஆனால் நீங்கள் சொல்கிற இரண்டும், பகலில் அமைதியான கடலில் போகிற ஷாட்டும் எஞ்சின் அறை நடைபாதையில் தண்ணீர் வருகிற ஷாட்டும், அந்தப் படமே வேறு இடத்திலிருந்து எடுத்துக்கொண்டவை. 1943இல் ஹிட்லரின் ஜெர்மனி, ஆங்கிலேயரை நாறடிக்க 'டைட்டானிக்' என்றே ஒரு பிரசாரப் படம் எடுத்தது. நாலு ஷாட் அதிலிருந்து 1958 படத்துக்குள் போனது.

அந்த ஜெர்மன் படத்தின் கதை படத்தைவிடப் பயங்கரம். இயக்குநர் ஹெர்பர்ட் செல்பின் படப்பிடிப்பின்போது ராணுவத்தைத் திட்டினார் என்று கைது செய்தார்கள், சிறை அறையில் தொங்கிய நிலையில் கிடந்தார். வேறொருவர் முடித்துக்கொடுத்தார். முடித்தபிறகு ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸே ஜெர்மனியில் அதைத் திரையிட விடவில்லை. படம்பிடிக்க டைட்டானிக்காக நின்றது 'காப் அர்கோனா' என்ற நிஜக் கப்பல். 1945 மே 3 அன்று அதில் வதைமுகாம் கைதிகளை ஆயிரக்கணக்கில் அடைத்து வைத்திருந்தார்கள். உள்ளே இருப்பது யாரென்று தெரியாமல் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டன. டைட்டானிக்கில் செத்தவர்களைவிட அதிகம் பேர் அதில் செத்தார்கள்.

44:10க்கு உங்கள் கணக்கு சரி. கார்பேத்தியா ஏப்ரல் 18 ராத்திரி ஒன்பதரை மணி வாக்கில், மழையில் வந்தது. வெயிலில் நிற்கிற கூட்டம் அந்த நேரத்துக் கூட்டமாக இருக்க முடியாது. கரையில் கட்டிய கார்பேத்தியாவைப் பகலில் எடுத்த நியூஸ்ரீல் உண்டு. கப்பல் அசல், வாரம் அசல், மணிதான் தப்பு.

பின்குரல் வசந்தி:

இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மூன்று நாள் இதே வேலையாக இருந்தேன். வீட்டில் சோறு ரசத்தோடு நின்றுவிட்டது.

ஐயா, வெள்ளையா கறுப்பா என்று கேட்டீர்கள். எனக்குக் கொடுத்த ஃபைல் அத்தனை மட்டம், எல்லாம் சாம்பலாக இருக்கிறது. ஆனால் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தினேன். 14:40 நொண்டுகிறது! 1, 2, 2, 3, 4, 4. என் பையன்தான் விரல்விட்டு எண்ணினான். 15:05 நொண்டவில்லை.

பழைய நியூஸ்ரீல் கம்பெனியான பிரிட்டிஷ் பாதே 2014இல் தன் பெட்டகத்தை, 85,000 படங்கள் என்று கணக்கு, யூடியூபில் கொட்டியிருக்கிறது. அங்கே போய் டைட்டானிக் என்று தேடாமல், மாடல்காரத் தம்பி சொன்னதை வைத்து ஒலிம்பிக் என்று தேடினேன். அதுதான் திருப்பம். இத்தனை நாள் தப்பான பெயரில் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஸ்மித் நிற்கிற துண்டு கிடைத்தது. அதில் இடது ஓரம் என்னுடையதைவிட அகலம். அங்கே ஒரு தூணும் கயிறும் தெரிகிறது, என் படத்தில் இல்லை. ஐயா சொன்ன கீற்று அதுதான் போல.

15:12 புகைபோக்கி மொத்தமும் கறுப்பு, சம இடைவெளி. பேக் லைட்டும் இருக்கிறது. தண்ணீரில் ஓடுகிறவர் தலையில் வெள்ளிக்கோடு மினுமினுக்கிறது. இனிமேல் எந்தப் படத்தையும் நிம்மதியாகப் பார்க்கமாட்டேன்.

அப்புறம் ஒன்று செய்தேன், முதல் நாளே செய்திருக்க வேண்டியது. படத் தயாரிப்பாளர்களுக்கு நேரே மெயில் போட்டு, காப்பகப் பட்டியல் இருந்தால் அனுப்புங்கள், மொழிபெயர்ப்புக்கு வேண்டும் என்றேன். இரண்டே நாளில் வந்துவிட்டது. ஒவ்வொரு துண்டுக்கும் நேரம், கொடுத்தவர், சுருள் எண், ஒரு வரி விவரம். 14:40க்கு நேரே என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'ஒலிம்பிக், நியூயார்க், 1911'. 6:12க்கு 'ஒலிம்பிக் நீரில் இறங்குதல்'. கொடுத்தவர்கள் சரியாகத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கியவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. படத்தில் குரல் எழுதியவர் மட்டும் பட்டியலைப் பிரித்தே பார்க்கவில்லை, இல்லை பார்த்துவிட்டு மூடிவிட்டார். என் தொழில்காரர்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

கட்டிங் டேபிள்:

நொண்டுகிறதா! பையனை இங்கே அனுப்பி வையுங்கள், எடிட்டிங் கற்றுத்தருகிறேன். ஆனால் சம்பளம் முன்னாலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பட்டியல் கேட்டதுதான் சரியான காரியம். எங்கள் காலத்தில் டப்பா மேல் ஒட்டிய காகிதம்தான் பட்டியல். கரப்பான் தின்றது போக மீதி.

பின்குரல் வசந்தி:

வேலை கொடுத்தவரிடம் பேசிவிட்டேன். பட்டியலை முன்னால் வைத்ததும் குரல் இறங்கியது. "டைம் மாறக்கூடாது மேடம், அவ்வளவுதான்" என்றார். அப்படியானால் சரி என்று உட்கார்ந்து அளந்தேன்.

6:12க்கு ஐந்து வினாடி: "இது மூத்தவள் ஒலிம்பிக். டைட்டானிக்குக்கு ஏழு மாதம் முன்பே நீரில் இறங்கியவள்." சரியாக உட்கார்ந்தது.

14:40க்கு நாலு வினாடி: "கேப்டன் ஸ்மித், முந்தைய ஆண்டு, நியூயார்க்கில், ஒலிம்பிக் கப்பலில்." கொஞ்சம் வேகமாகப் படிக்க வேண்டும். படிக்கும் அண்ணன் மூச்சுப் பிடித்துவிடுவார்.

15:12க்கு "இன்னொரு நாலு புகைபோக்கிக் கப்பல்" என்று போட்டால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அங்கே கப்பலைச் சொல்லாமல், அந்தக் காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க நடந்த போட்டியைச் சொல்லிவிட்டேன். 44:10இல் 'இரவு' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'அந்த வாரம்' என்று வைத்தேன்.

31:20தான் இடிக்கிறது. அங்கே ஆங்கிலத்தில் பேச்சே இல்லை. பேசினதை மாற்றலாம், பேசாமல் இருப்பதை எப்படி மாற்றுவது? திரையில் 'திரைப்படக் காட்சி' என்று எழுத்துப் போடக் கேட்டேன், அதற்கு அனுமதி கிடையாதாம்.

கட்டிங் டேபிள்:

அதற்கு முந்தின வசனம் எங்கே முடிகிறது? அதன் வாலில் ஒட்டிவிடுங்கள். "அன்றிரவு எந்தக் கேமராவும் ஓடவில்லை." சொல்லிவிட்டு இசைக்குப் போங்கள். பார்க்கிறவர் புரிந்துகொள்வார்.

தூத்துக்குடி மாடல்காரன்:

ஐயா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். 'ஓடவில்லை' என்று நாம் சொல்ல முடியாது. வில்லியம் ஹார்பெக் என்று ஒரு சினிமா கேமராக்காரர் டைட்டானிக்கில் பயணியாகவே போனார். பிழைக்கவில்லை. அவர் வழியில் என்ன எடுத்தார், என்ன எடுக்கவில்லை என்று யார் கண்டது?

பின்குரல் வசந்தி:

நல்லவேளை சொன்னீர்கள் தம்பி. இல்லாவிட்டால் ஒரு தப்பைத் திருத்தப் போய் நானே ஒன்று செய்திருப்பேன்.

முந்தின வசனத்துக்கும் இசைக்கும் நடுவே மூன்று வினாடி இடம் இருக்கிறது. "அந்த இரவின் படம் எதுவும் கரை சேரவில்லை." நிதானமாகப் படித்தாலும் இரண்டரை வினாடி. வைத்து அனுப்பிவிட்டேன்.